கண்ணில் ரத்தம் கட்டினால்: குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண் சிவந்து ரத்தம் கட்டிவிட்டது என்று பதறிப்போய் ஆட்டோ பிடித்து வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. "கொஞ்ச நாளா புகை மாதிரி தெரியுது, கண்ணாடி மாத்தினா சரியாயிடும்" என்று மெல்ல நடந்து வருகிறவரைத்தான் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வரும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துக் கண் முகாம்களில் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் அல்ல. முகாமில் எழுத்துப் பலகை முன்னால் ஆட்களை உட்காரவைத்துப் பார்வை சோதிக்கும் வேலை. படித்துவிட்டு எந்த டாக்டரிடம், எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

காலையில் முகம் கழுவும்போது பார்த்தேன், வெள்ளை விழியில் திட்டாக ரத்தம். வலி இல்லை, பார்வையும் தெளிவு. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வெள்ளை விழியை நிறமில்லாத மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய் ஒன்று உடைந்தால், ரத்தம் வெளியே வழிய இடமில்லாமல் சவ்வுக்கு அடியிலேயே பரவி நிற்கும். டாக்டர் சீட்டில் 'சப் கஞ்சங்டைவல் ஹெமரேஜ்' என்று எழுதுவது இதைத்தான். இருப்பது ஒரு துளி ரத்தம்கூட இருக்காது. வெள்ளையின் மேல் பரவிக் கிடப்பதால் பெரிதாகத் தெரிகிறது. சவ்வு வழியாக ஆக்சிஜன் உள்ளே போய்க்கொண்டே இருப்பதால் அது கறுக்காமல் செக்கச்செவேலென்று இருக்கும். எதிரே நிற்பவர்தான் பயப்படுவார். கண்ணாடி பார்க்கும்வரை நமக்கே தெரியாது.

முதல் நாள் திட்டு இன்னும் கொஞ்சம் பரவலாம். அதைப் பார்த்து 'கூடிக்கொண்டே போகிறதே' என்று கலங்க வேண்டாம். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் மஞ்சளாகி மறைந்துவிடும்.

ராத்திரி தூங்கி எழுந்தேன், அவ்வளவுதான். எதனால் உடைந்திருக்கும்?

பல பேருக்குக் காரணமே தெரியாது. தெரிகிற காரணங்களில் முதலில் வருவது முக்கல்: விடாத இருமல், அடுக்குத் தும்மல், வாந்தி, மலச்சிக்கல், பிரசவம், கனமான மூட்டையைத் தம் பிடித்துத் தூக்குவது. அந்த நேரத்தில் தலைப்பக்கத்து ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, மெல்லிசான ஒன்று விட்டுப்போகிறது. தூக்கத்தில் கண்ணைக் கசக்குவதும் போதும். வயது ஏற ஏற ரத்தக்குழாயும் தளர்ந்துபோகும்.

நம் கடற்கரையில் இன்னொரு காரணமும் உண்டு. குளச்சல், கடியப்பட்டணம், இனயம் பக்கம் பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் சிலர் இரண்டு கண்ணும் சிவந்து கரையேறுவார்கள். ஆழம் போகப் போக முகத்தில் மாட்டிய கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப, கண்ணாடி முகத்தை உறிஞ்சிப் பிடிக்கும். கண்ணின் சவ்விலும் இமையிலும் ரத்தம் கட்டும். மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடியாக இருந்தால், இறங்கும்போதே மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை அதற்குள் விட வேண்டும். மூக்கு மூடாத நீச்சல் கண்ணாடிக்குள் இப்படிக் காற்று விட முடியாது. ஆழத்துக்கு அது ஆகாது.

மருந்து என்ன போடலாம்?

எதுவும் வேண்டாம். கரகரப்பு இருந்தால் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து போடலாம், அது ஆறுதலுக்குத்தான். ரத்தத்தைச் சீக்கிரம் கரைக்கிற சொட்டு மருந்து எதுவும் கிடையாது.

மருந்துக்கடையில் 'கண் சிவப்புக்கு ஒன்று கொடுங்க' என்று கேட்டு வாங்குவது மட்டும் கூடாது. அப்படித் தரப்படும் மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று லேபிளில் இருக்கும். டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும் போட்டால் நல்ல மருந்து. தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். தானாகப் போகிற சிவப்புக்கு இது தேவையா?

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய்?

வேண்டாம். ரத்தம் இருப்பது சவ்வுக்கு அடியில், நீங்கள் ஊற்றுவது சவ்வுக்கு மேலே. சுத்தமில்லாத எதுவும் கண்ணில் கிருமியைக் கொண்டுவரும். கருவிழியில் ஏற்கெனவே கீறல் இருந்தால் புண்ணாகிவிடும். நந்தியாவட்டை முற்றத்தில் நிற்கட்டும்.

இது மெட்ராஸ் ஐ இல்லையே?

மெட்ராஸ் ஐ வந்தால் கண் முழுக்கச் சிவக்கும், நீர் வடியும், பீளை கட்டும், மண் விழுந்ததுபோல் உறுத்தும், இரண்டு நாளில் அடுத்த கண்ணுக்கும் போகும், வீட்டில் எல்லாருக்கும் வரும். வெறும் ரத்தத் திட்டில் பீளையும் இல்லை, தொற்றும் இல்லை. பள்ளிக்கூடம் போகலாம், வேலைக்கும் போகலாம்.

இரண்டும் சேர்ந்து வருகிற ஒரு வகையும் இருக்கிறது. சில வைரஸ்கள் கண் நோயோடு சவ்வுக்கு அடியில் ரத்தக் கசிவையும் உண்டாக்கும். 1969-ல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இது முதலில் பெருவாரியாகப் பரவியது. மனிதன் நிலாவில் இறங்கிய வருஷம் என்பதால் அங்கே அதற்கு 'அப்பல்லோ' நோய் என்று பேர் வந்துவிட்டது. பார்க்கக் கோரமாக இருந்தாலும் பொதுவாக ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். துண்டு, தலையணை மட்டும் தனியாக இருக்கட்டும்.

அப்படியானால் வெள்ளை விழியில் ரத்தம் என்றால் டாக்டரிடமே போக வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. கண்ணில் அடிபட்ட பிறகு வந்தது என்றால் போக வேண்டும். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம் இருந்தால் போக வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்தவருக்குக் கண்ணில் ரத்தம் கட்டி, திட்டின் பின்பக்க ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் உள்ளே போனால், மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து அங்கிருந்து ரத்தம் முன்னால் வந்திருக்கலாம். அது கண் டாக்டர் மட்டும் பார்க்கிற விஷயமல்ல, 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடிக்கடி வருகிறதா? பிரஷர், சுகர் பார்த்துவிடுங்கள். பல் ஈறிலும் ரத்தம், தோலில் நீலத் திட்டு என்று சேர்ந்து வந்தால் ரத்தத்தட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் ரத்தம் உறையும் நேரமும் பார்க்க வேண்டும்.

அப்புறம் காய்ச்சல். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கொசுவுக்கும் எலிக்கும் குறைவில்லை. டெங்குவில் ரத்தத்தட்டுகள் குறையும்போது கண்ணில் ரத்தப் புள்ளிகள் வரலாம். கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையின் நடுப்பகுதியில் கசிந்தால் காய்ச்சல் தணிகிற சமயத்தில் பார்வையின் மையத்தில் மங்கல் தெரியும். எலிக்காய்ச்சலிலும் கண் நன்றாகச் சிவக்கும். பீளை இருக்காது; கூடவே கெண்டைக்கால் தசையில் தொடமுடியாத வலி இருக்கும். வயலிலோ ஓடையிலோ ரப்பர் தோட்டத்து ஈரத்திலோ வேலை செய்தவர் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் காய்ச்சல்களில் உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் தொடவே கூடாது.

அப்பா இதயத்துக்கு ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கண்ணில் ரத்தம் வந்ததால் நிறுத்திவிட்டோம். சரிதானே?

சரியில்லை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் இவற்றால் கண்ணில் திட்டு வர வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். அந்தத் திட்டு பார்வையைக் கெடுக்காது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட் வைத்த குழாய் அடைக்கலாம், பக்கவாதம் வரலாம். மாத்திரை கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். வார்ஃபரின் எடுப்பவர் என்றால் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை உடனே செய்து, அந்த அளவு கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பையனுக்கு விளையாடும்போது கண்ணில் பந்து பட்டது. வெள்ளை விழி அவ்வளவு சிவப்பாக இல்லை. மங்கலாகத் தெரிகிறது என்கிறான்.

இப்போதே கிளம்புங்கள். மீதியை வண்டியில் படித்துக்கொள்ளலாம்.

கருவிழிக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் நிறப்படலத்துக்கும் நடுவில் தெளிந்த நீர் நிரம்பிய சின்ன அறை இருக்கிறது. அடிபட்டதில் நிறப்படலத்தின் வேர் கிழிந்தால் அந்த அறைக்குள் ரத்தம் இறங்கும். இதற்கு 'ஹைபீமா' என்று பேர். கிரிக்கெட் பந்து, இறகுப்பந்து, கம்பு, திருவிழாப் பட்டாசு, தெறித்து வந்த தென்னை மட்டை என்று எதுவாகவும் இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது ரத்தம் அடியில் கோடாகத் தேங்கும், படுத்தால் கலங்கிப் பரவும். நம்மூர்க் கறுத்த விழியில் இந்தக் கோடு எளிதில் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் அடியில் செங்கறுப்பாகக் கண்ணில் படும். கோடு தெரியவில்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

போகும் வழியில் பையனைச் சாய்த்து உட்காரவையுங்கள், தட்டையாகப் படுக்கவைக்க வேண்டாம். கண்ணை அழுத்தாமல் மேலே ஏதாவது கெட்டியான மூடி வைக்கலாம். பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பத்திரியில் தலையை உயர்த்திப் படுக்கவைத்து, கண் அழுத்தத்தைத் தினமும் பார்த்து, சொட்டு மருந்து போடுவார்கள். பெரும்பாலும் அதிலேயே ரத்தம் வடிந்துவிடும். ரத்தம் நிறைய இருந்து அழுத்தம் இறங்காவிட்டால்தான் கழுவி எடுக்கும் அறுவை.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. முதல் ஐந்து நாளுக்குள் மறுபடி ரத்தம் கசியலாம், அது முதலில் வந்ததைவிட மோசமாக இருக்கும். அதனால்தான் பையன் தெம்பாக ஓடியாடினாலும் 'சும்மா இரு' என்று டாக்டர் திட்டுகிறார். இன்னொன்று, ஆறி வருஷங்கள் கழித்து அந்தக் கண்ணில் மட்டும் அழுத்தம் ஏறலாம். அடிபட்டதையே எல்லாரும் மறந்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்ப்பது வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும்.

கண்ணில் அடி என்றால் வர்ம ஆசானிடம் காட்டுவது எங்கள் வழக்கம்.

தெரியும், ஆசான்மாரிடம் சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் போகிறவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அடிபட்ட கண்ணில் மட்டும் தடவலும் அழுத்தலும் வேண்டாம். விழி கிழிந்திருந்தால் ஒரு அழுத்தில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். முதலில் கண் டாக்டர், விழி முழுசாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு மற்றதைப் பேசலாம்.

உளி அடிக்கும்போது ஏதோ தெறித்தது. ஒரு பொட்டு ரத்தம்தான்.

அந்தப் பொட்டை நம்பாதீர்கள். கல்லுடைக்கும் இடம், வெல்டிங் பட்டறை, ரப்பர் தோட்டத்தில் காடு வெட்டும் மெஷின் போன்ற இடங்களில் தெறிக்கும் சின்ன இரும்புத்துண்டு விழியைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கடுகளவு காயமும் கொஞ்சம் ரத்தமும்தான் தெரியும். இரும்பு உள்ளேயே தங்கினால் துருவேறி விழித்திரையைக் கெடுக்கும். தூண்டில் முள் மாட்டினாலும் இதே கதைதான். பிடுங்கக் கூடாது, கழுவக் கூடாது, மருந்து ஊற்றக் கூடாது. காகிதக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்து ஒட்டி, சோறு தண்ணீர் கொடுக்காமல் கூட்டிப்போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

ரப்பர் பால் உறையவிடும் ஆசிட் தெறித்தால் மட்டும் முறை நேர்மாறு. அங்கேயே, அந்த நிமிஷமே, அரை மணி நேரமாவது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

வெளியே கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் திடீரென்று கறுப்பு நூல்கள் மிதக்கின்றன, புகை மூட்டமாகத் தெரிகிறது. இதுவும் ரத்தமா?

இருக்கலாம். இந்தப் பக்கத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான்.

விழியின் உட்பகுதியை நிரப்பி நிற்பது நுங்கு போலத் தெளிந்த ஒரு கூழ். அதற்குப் பின்சுவரில் விழித்திரை. விழித்திரையிலுள்ள குழாய் உடைந்து கூழுக்குள் ரத்தம் இறங்கினால், முதலில் கறுப்புப் புள்ளி, நூல், ஒட்டடை மிதப்பதுபோல் தெரியும். கொஞ்சம் கூடினால் செம்புகை மூடும். மேலும் கூடினால் விரலை முகத்துக்கு முன்னால் ஆட்டினாலும் எண்ண முடியாது. இத்தனைக்கும் வலி என்பது துளியும் இருக்காது, வெளியே சிவப்பும் இருக்காது. வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

நம்மிடையே இதற்கு முக்கியக் காரணம் சர்க்கரை நோய். அடுத்து விழித்திரையில் கிழிசல், விழித்திரை ரத்தக்குழாய் அடைப்பு, அடி. கிழிசலாக இருந்தால் ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோல் பளிச்சிடும். சில நாளில் விழித்திரையே பிரிந்து, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் பார்வை மறையும். மின்னல், திடீர்ப் புள்ளிக் கூட்டம், திரை இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே விழித்திரை டாக்டரைப் பார்க்க வேண்டும். கிழிசல் மட்டும் இருக்கும்போது லேசரில் ஒட்டிவிடலாம், பிரிந்தால் பெரிய அறுவை. ரத்தம் மறைத்து உள்ளே பார்க்க முடியாவிட்டால் கண்ணுக்கு 'பி ஸ்கேன்' எடுத்துப் பார்ப்பார்கள்.

தாங்கமுடியாத திடீர்த் தலைவலியோடு கண் மறைந்தால் மூளையில் ரத்தம் கசிந்திருக்கலாம். அதற்கும் 108.

சர்க்கரை எப்படிக் கண்ணுக்குள் ரத்தத்தைக் கொண்டுவருகிறது?

வருஷக்கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர் பலமிழந்து, அங்கங்கே புடைத்துக் கசியும். சில குழாய் அடைத்தேபோகும். ரத்தம் கிடைக்காத விழித்திரை 'புதுக் குழாய் வேண்டும்' என்று வேதிச் செய்தி அனுப்பும், அதைக் கேட்டுப் புதிய குழாய்கள் முளைக்கும். கண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் இந்த வேலைதான் கண்ணைக் கெடுக்கிறது. புதுக் குழாய்களுக்கு உறுதி கிடையாது. ஒரு தும்மலோ, ஒன்றுமில்லாமலோகூட உடையும்.

உடைவதற்கு முந்தின நாள்வரை அவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்திருக்கக்கூடும். "எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு, எதுக்கு சொட்டு மருந்து விட்டுப் பார்க்கணும்?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். டைப் 2 சர்க்கரை என்றால் கண்டுபிடித்த வருஷத்திலிருந்தே, டைப் 1 என்றால் ஐந்தாவது வருஷத்திலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை, சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை (கறுப்பு விழியின் நடுவில் இருக்கும் துளையை) விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். கர்ப்பமான சர்க்கரைக்காரப் பெண்கள் முதல் மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் இதைத் தள்ளிப்போடுவதைப் பார்க்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் லீவில் வீடு பூசவும் கல்யாணத்துக்குப் போகவும் நேரம் இருக்கும், கண்ணுக்கு இருக்காது.

பிரஷருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கட்டுப்படாத பிரஷரில் விழித்திரையில் தீச்சுடர் வடிவத்தில் ரத்தக்கீற்றுகள் வரும். ரத்தத்தைத் திரும்ப எடுத்துப்போகும் குழாய் அடைத்தால், காலையில் எழும்போது ஒரு கண்ணில் பாதியோ முழுதுமோ மங்கியிருக்கும். ஒரு கண்ணை மூடிப் பார்க்காததால் நாள்கணக்கில் தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. பிரஷர், சுகர் மாத்திரை வாங்க அலைவதுதான் பிரச்சினை என்றால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதியுங்கள்.

உள்ளே கசிந்த ரத்தத்துக்கு என்ன செய்வார்கள்? கண்ணுக்குள் ஊசியா?

ஆமாம், ஊசிதான். மரத்துப்போக சொட்டு மருந்து விட்டுப் போடுவதால் நினைக்கிற அளவு வலிக்காது. பெவாசிசுமாப், ரானிபிசுமாப் போன்ற மருந்துகள் அந்தப் புதுக் குழாய்களைச் சுருங்கவைக்கும். ஒரு ஊசியோடு முடியாது, பலமுறை தேவைப்படலாம். லேசர் போட்டால் மேலும் குழாய் முளைப்பது அடங்கும். லேசருக்குப் பிறகு 'முன்னைவிடத் தெளிவாகத் தெரியவில்லையே' என்று வருத்தப்படுவார்கள். லேசர் போடுவது இருக்கிற பார்வையைக் காப்பாற்ற. ரத்தம் சில வாரங்களில் தானாகக் கரையாவிட்டால், அல்லது விழித்திரை பிரிந்திருந்தால், கலங்கிய கூழை எடுத்துவிடும் விட்ரெக்டமி அறுவை.

சில அறுவையில் விழிக்குள் வாயு நிரப்புவார்கள். அது கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. மேலே போனதும் வாயு விரிந்து, கண் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விடும். திருவனந்தபுரத்தில் டிக்கெட் போட்டு வைத்திருப்பவர் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பிறந்த குழந்தையின் கண்ணில் ரத்தம் இருக்கிறது.

சுகப்பிரசவத்தின் நெருக்கலில் வெள்ளை விழியில் திட்டு வருவது சகஜம், இரண்டு வாரத்தில் போய்விடும். குறைமாதக் குழந்தை என்றால் கவனம் வேறு இடத்தில் இருக்க வேண்டும்: 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். விழித்திரைக் குழாய் வளர்ச்சி பாதியில் நின்று தாறுமாறாக முளைத்தால் ரத்தக்கசிவும் பார்வையிழப்பும் வரும். வெளியே ஒன்றும் தெரியாது.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. தக்கலையிலும் குழித்துறையிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு, அடிபட்ட கண்ணுக்கு அங்கே முதலுதவி பெற்று மேலே போகலாம். விழித்திரை அறுவை வரை போகிற கேஸ்களுக்கு மேற்குப் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரம் அரசு கண் ஆஸ்பத்திரிக்கும், நாகர்கோவில், தோவாளைப் பக்கத்துக்காரர்கள் திருநெல்வேலிக்கும் போவது வழக்கம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று சேருவதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் அட்டையோடு ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். 'ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை' என்றால் டாக்டருக்கு எதுவும் புரியாது. கடைசியாக எடுத்த சுகர் ரிப்போர்ட், மூன்று மாதச் சராசரி இருந்தால் அதுவும் வேண்டும். பாப்பா விரிய மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. அதனால் பைக்கில் தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வாருங்கள்.